வாட்ச் சொல்லுதாம், துடிப்பு பத்தலையாம்!

பைபாஸ் முடிஞ்சு வந்த மனுசனுக்குப் பிள்ளைக முதல்ல வாங்கிக் கொடுக்கது ஸ்மார்ட் வாட்ச். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துல நாலு சுத்து நடந்தா, "துடிப்பு பத்தாது, இன்னும் வேகமா நட"ங்குது. 220-ல வயசைக் கழிச்சு, இதுதான் உச்சத் துடிப்புன்னு போடுத கணக்கு அது. ஆள் மெட்டோப்ரோலால் முழுங்குதாரு. துடிப்பைக் குறைக்கதுதான் அந்த மாத்திரை வேலையேன்னு வாட்சுக்கு யாரு சொல்ல? மூச்சு முட்டாம பேசிக்கிட்டே நடக்க முடியுதான்னு பாருங்க.

வாட்ச் அடியில வெளிச்சம் அடிச்சுத்தான் துடிப்பை எண்ணுது. வார் தொளதொளன்னு கிடந்தா வெளி வெளிச்சம் உள்ள புகுந்து, துடிப்புக்குப் பதிலா கைவீச்சை எண்ணிரும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரக்கடை மேல, நகராம கட்டணும். நம்மூரு வேர்வையத் துடைச்சுட்டுதான்.

பி.பி. மிஷின் கூத்து அதுக்கும் மேல. டீ குடிச்ச கையோட, சட்டைக்கு மேலேயே பட்டையச் சுத்தி, பேசிக்கிட்டே பொத்தானை அமுக்குதாங்க. 160-ன்னதும் வீடே பதறுது. டீ குடிச்சு அரை மணி கழியணும், 5 நிமிசம் சாஞ்சு உக்காரணும், பட்டை நெஞ்சு மட்டத்துல இருக்கணும், ஒரு நிமிசம் விட்டு ரெண்டாந்தடவையும் பாக்கணும்.

நெஞ்சு வலிக்கும்போது வாட்ச் இ.சி.ஜி. 'நார்மல்'னு காட்டுச்சுன்னு மட்டும் படுத்துராதீய. மாரடைப்பைக் கண்டுபிடிக்க அதுக்குத் தெரியாது. 108-க்கு அடிங்க.