பெட்டகத்தில் மிளகாய்

(செட்டிநாட்டுக் கானாடுகாத்தான். வீட்டின் உள்முற்றமான வளவில் உட்கார்ந்து அப்பத்தா மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளுகிறார். தூணில் சாய்ந்தபடி பேரன் வீட்டுப்பாடம் எழுதுகிறான். நடுநடுவே இருவருக்கும் தும்மல்.)

பேரன்: அப்பத்தா, "வள்ளியின் எதிர்கால நம்பிக்கையைக் கதைவழி விளக்குக." அஞ்சு மார்க்.

அப்பத்தா: முதலில் கதையைச் சொல்.

பேரன்: வள்ளியின் வீட்டுக்காரர் 1938-இல் ரங்கூன் கடைக்கு மூணு வருஷக் கணக்கில் போகிறார். திரும்பவேண்டிய நேரத்தில், 1941 டிசம்பரில், ஜப்பான்காரன் அங்கே குண்டு போடுகிறான். அப்புறம் சேதியே இல்லை. வள்ளி ராத்திரி வாசல் கதவைத் தாழ் போடுவதில்லை. அவர் வருவார் என்கிற நம்பிக்கைக்கு அந்தக் கதவுதான் குறியீடு என்று நோட்ஸில் போட்டிருக்கிறது.

அப்பத்தா: அந்த வீட்டில் எத்தனை புள்ளி?

பேரன்: நாலு குடும்பம்.

அப்பத்தா: நாலு புள்ளி இருக்கிற வீட்டில் கூத்துப் பார்க்கப் போனவன் எவனாவது விடியற்காலம் வருவான். அவனுக்காகத் திறந்து கிடக்கும். குறியீடாம்! அவள் என்ன செய்கிறாள், அதைச் சொல்.

பேரன்: மகளுக்கு வருஷா வருஷம் வெண்கலப் பானை, பித்தளைத் தூக்கு என்று வாங்கி அடுக்குகிறாள். வீட்டுக்காரர் பெட்டகத்தில் மிளகாய் கொட்டி வைக்கிறாள்.

அப்பத்தா: (கிள்ளுவதை நிறுத்தி) அவர் வேட்டி வைக்கிற பெட்டகத்திலா?

பேரன்: ஆமாம்.

அப்பத்தா: வரப்போகிறவர் என்று நினைத்தால் அதில் மிளகாயைக் கொட்டுவாளா? வந்து அந்த வேட்டியைக் கட்டினால் மனுசன் என்ன ஆவார்?

பேரன்: அய்யோ!

அப்பத்தா: அவள் ஆசையெல்லாம் மகள் கல்யாணத்தில் சாமான் பரப்பும்போது ஓரகத்தி வாயடைத்து நிற்க வேண்டும் என்பதுதான். அதை எழுது.

பேரன்: ஆனால் தபால்காரர் மணி கேட்டால் மட்டும் அடுப்பில் இருப்பதை விட்டுவிட்டு ஓடுகிறாளே?

அப்பத்தா: ஓடுகிறாளா?

பேரன்: குழம்பே தீய்ந்துபோகிறது.

அப்பத்தா: (ஒரு தும்மல் போட்டு, மூக்கைத் துடைத்து) அப்படியா... சரி, அதையும் ஒரு வரி சேர்த்துக்கொள். பாவி, மிளகாயையும் கொட்டிவிட்டு ஓடவும் ஓடுகிறாள்.

பேரன்: இதுக்கெல்லாம் சார் மார்க் போடுவாரா?

அப்பத்தா: அவருக்குக் கல்யாண வயசில் பெண் இருக்கிறதா?

பேரன்: இல்லை, ரெண்டும் பையன்கள்.

அப்பத்தா: அப்படியானால் கதவையே எழுதிவிடு, ராசா.