மைக் கூடினால் மட்டும் போதாது

சிலர், 64 மைக் கொண்ட கையடக்க ஒலிக் கேமரா (ஒலி எங்கிருந்து வருகிறது என்பதைத் திரையில் வண்ணத் திட்டாகக் காட்டும் கருவி) இருந்தால் டிரான்ஸ்ஃபார்மரின் 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் எந்த போல்ட்டில் இருந்து வருகிறது என்றுகூடக் காட்டிவிடும் என்று எழுதியிருக்கிறார்கள். அப்படி நடக்காதுங்க. தொலைவில் இருந்து எடுக்கும் படத்தின் கூர்மையைப் பெரும்பாலும் முடிவு செய்வது மைக்குகள் பொருத்திய தட்டின் அகலம்தான், அதாவது ஒலியின் அலைநீளத்தோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு பெரியது என்பது. மைக் எண்ணிக்கை கூடினால் ஒலி வராத இடத்தில் தெரியும் போலிப் புள்ளிகள் குறையும், இரைச்சலும் கொஞ்சம் அடங்கும். அதுவும் நல்லதுதான், ஆனால் வேறு விஷயம்.

கணக்கை நீங்களே போடலாம். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். அதை 100 ஆல் வகுத்தால் அலைநீளம் 3.4 மீட்டர். தட்டோ 40 சென்டிமீட்டர் அளவுதான், அலைநீளத்தைவிட மிகச் சிறியது! 4000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 9 சென்டிமீட்டருக்கும் குறைவு, அதனால் அங்கே அதே கருவி நன்றாகவே வேலை செய்யும்.

கருவி கையில் இருந்தால் ஒரு ஸ்பீக்கரை 3 மீட்டர் தள்ளி வைத்து, முதலில் 4000, அப்புறம் 300 ஹெர்ட்ஸ் ஒலிக்க விடுங்கள். திரையின் டெசிபல் வீச்சை (உச்ச ஒலியைவிட எத்தனை டெசிபல் குறைந்தது வரை வண்ணமாகக் காட்டும் என்ற அமைப்பை) மட்டும் மாற்றாதீர்கள். முதலில் ஸ்பீக்கரைச் சுற்றித் தெரிந்த திட்டு, இரண்டாவதில் கிட்டத்தட்ட திரை முழுக்கப் பரவிவிடும்.