மாமாவின் பதக்கமும் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியும்

என் தாய்மாமா இந்திய அமைதிப்படையில் இலங்கைக்குப் போனவர். இதைச் சொன்னால் இங்கே சிலர் சல்யூட் அடிக்காத குறையாக நெகிழ்ந்துவிடுவார்கள். டொராண்டோவிலும் பாரிசிலும் இருக்கும் ஈழத்து நண்பர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். போன அக்டோபரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிப் படுகொலை பற்றி நாலு வரி எழுதினேன். "சொந்த மாமாவையே அசிங்கப்படுத்துறியே, ராணுவம் இல்லேன்னா நீ உயிரோட இருப்பியா?" என்று ஒரு சொந்தக்காரர் போன் செய்தார். "உங்கட மாமாவும் அங்க நிண்டவரே?" என்று ஒரு நண்பர் இன்பாக்ஸில் கேட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

எங்கள் பக்கம் பட்டாளம் என்பது தேசபக்தி சமாசாரமாகத் தொடங்குவதில்லை. வேலூர் மாவட்டத்தில் மழையை நம்பிக் கிடக்கும் ஊர்களில் அது ஒரு பிழைப்பு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். பத்தாவது முடித்த பையன் விடியற்காலையில் ரோட்டில் ஓட ஆரம்பித்தால் செலக்‌ஷனுக்குத் தயாராகிறான் என்று ஊருக்கே தெரியும். மாமா அப்படி ஓடித்தான் நீலகிரி வெலிங்டன் போய்ச் சேர்ந்தார், மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு. அவர் அனுப்பிய மணியார்டரில்தான் என் அம்மாவின் கல்யாணக் கடன் அடைந்தது. அவருக்கு யாழ்ப்பாணம் என்பது ரேடியோவில் கேட்ட ஒரு பெயர், அவ்வளவுதான்.

1987 ஜூலை 29-ம் தேதி ராஜீவும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த நாளிலிருந்தே நம் படை போய் இறங்கியது. முதல் இரண்டு மாதம் மாலை போட்டு வரவேற்றார்கள், பொட்டு வைத்தார்கள். அக்டோபர் 10 வாக்கில் எல்லாம் தலைகீழானது. யாரைக் காப்பாற்றப் போனோமோ அவர்களோடு சண்டை. 1983-க்குப் பிறகு இதே டெல்லிதான் புலிகள் உள்ளிட்ட ஈழத்து இயக்கங்களுக்குப் பயிற்சி கொடுத்தது, நம் தமிழ்நாட்டு மண்ணிலும் வடக்கே மலைப் பக்கமும். "நம்மாளு சொல்லிக்கொடுத்த பாடத்தை நம்ம மேலயே எழுதிக் காட்டினான்" என்பார் மாமா. அவர் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்கு இன்றுவரை சிரிப்பு வந்ததில்லை.

அக்டோபர் 11 ராத்திரி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரிலிருந்து சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி ஆட்கள் 30 பேரை இறக்கிவிட்டார்கள். புலிகள் காத்திருந்தார்கள். குண்டடிபட்ட ஹெலிகாப்டர்களால் திரும்ப வர முடியவில்லை, அடுத்து வரவேண்டிய ஆட்களும் வரவில்லை. 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். எங்கோ பஞ்சாபில் கோதுமை வயலை விட்டு வந்த பையன்கள். எந்த ஊரில் நிற்கிறோம், எதற்கு நிற்கிறோம் என்று யாராவது அவர்களுக்குச் சொல்லியிருப்பார்களா? "ராணுவத்தை ஆதரி" என்று இன்றைக்குச் சத்தம் போடுகிறவர்களைக் கேட்கிறேன்: அன்றைக்கு அந்தப் பையன்களுக்கு ஆதரவு என்றால் எது? கைதட்டுவதா? இல்லை, இந்தத் திட்டம் கிறுக்குத்தனம், அனுப்பாதே என்று யாராவது குறுக்கே விழுந்து தடுத்திருப்பதா?

சரி, அடுத்த பக்கத்துக்கு வருகிறேன். பத்தே நாளில் அக்டோபர் 21, தீபாவளி. நம் படை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து சுட்டது. உள்ளேயிருந்து புலிகள் சுட்டார்கள் என்பது ராணுவத்தின் வாதம். செத்துக் கிடந்தவர்கள் நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள், வேலையாட்கள். 60-க்கு மேல். மறுநாள் காலை குழந்தை வைத்தியர் ஒருவர் நர்சுகளோடு கைகளைத் தூக்கிக்கொண்டு, நாங்கள் டாக்டர், நர்ஸ் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவரையும் சுட்டார்கள். இதற்காக யாரும் கூண்டில் ஏறவில்லை.

இதை எழுதினால் மாமாவுக்கு அவமானம் என்கிறார் சொந்தக்காரர். எனக்கு அப்படியே தலைகீழாகத் தோன்றுகிறது. மாமா யாழ்ப்பாணத்துக்குப் போனது அந்த நவம்பரில். தமிழ் தெரிந்தவர் என்பதால் வேறொரு யூனிட்டோடு சேர்த்து சாவகச்சேரிப் பக்கம் ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். வார்டுக்குள் சுட்டவன் யார், சுடச் சொன்னவன் யார் என்று விசாரித்துத் தண்டித்திருந்தால், "நீயும் நிண்டனியா" என்ற கேள்வி அவரை நோக்கி வந்திருக்காது. மூடி மறைத்ததால் அந்தப் பழி அந்த உடுப்பைப் போட்ட அத்தனை பேர் மேலும் சமமாகப் பூசப்பட்டுவிட்டது. படையின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று வாயை மூடியவர்கள் என் மாமாவுக்குச் செய்த உபகாரம் அது.

1990 மார்ச் 24-ல் கடைசித் துருப்பு திருகோணமலையிலிருந்து கிளம்பியது. சென்னையில் வரவேற்புக்கு முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழரைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்பது அவர் கேள்வி. எங்கள் வீடு பரம்பரையாக உதயசூரியன் வீடு. தாத்தா அந்த முடிவை மனதார ஆதரித்தார். அந்தப் போருக்கு மாலை போடக் கூடாது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அனுப்பியவர்கள் யாரும் அந்தக் கப்பலில் வரவில்லையே. வந்து இறங்கியது மூட்டை முடிச்சோடு சம்பளக்காரர்கள். கோபம் கைக்கு எட்டியவன் மேல் விழுந்தது, எட்டாதவன் தப்பித்துக்கொண்டான்.

மாமா அந்தக் கோடையில் லீவுக்கு வந்தார். வெள்ளை பெயிண்டில் பெயரும் நம்பரும் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டி, அதன்மேல் ஒரு டூ-இன்-ஒன். வழக்கமாகப் பட்டாளத்துக்காரர் வந்தால் ரம் பாட்டிலுக்காகவாவது நாலு பேர் வீட்டுக்கு வருவார்கள். அந்த முறை யாரும் வரவில்லை. டீக்கடை பெஞ்சில் அவர் காதில் விழும்படியே ஒருவர் சொன்னார்: "தமிழனையே சுட்டுட்டு வந்திருக்கான் பாரு." எனக்கு அப்போது 11 வயது. பள்ளிக்கூடத்தில் கேட்டதை அப்படியே கொண்டுவந்து, "நீ கொலகாரனா மாமா?" என்று கேட்டேன். டூ-இன்-ஒன்னில் சிக்கிய கேசட் நாடாவைப் பென்சில் விட்டுச் சுற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. முழு நாடாவையும் சுற்றி முடித்தார்.

பதில் இருபது வருஷம் கழித்துத்தான் கிடைத்தது, நான் கேட்காமலேயே. சாவடியில் தினமும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் ஒரு ஆச்சியாம். ஒருநாள் அவர் பேசுவதைக் கேட்டுவிட்டு நின்று, "நீ தமிழ்ப் பொடியனே?" என்றாளாம். ஆமாம் என்றிருக்கிறார். "பிறகேன் மோனை இவங்களோட வந்தனீ?" மாமா கொஞ்சம் யோசித்துவிட்டு உண்மையைச் சொல்லியிருக்கிறார்: "சம்பளம், ஆச்சி." அவள் ஒன்றும் பேசாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாளாம். மறுநாளிலிருந்து வேறு வழியாகப் போனாளாம்.

அந்தப் போரில் நாட்டின் உச்ச வீர விருதான பரம்வீர் சக்ரா வாங்கிய ஒரே ஆள் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். தமிழர். 1987 நவம்பர் 25-ல், தமிழ் பேசும் பையன்களோடு நடந்த சண்டையில் நெஞ்சில் குண்டு வாங்கிச் செத்தார். யாரை வாழ்த்தி யாரைத் திட்டுவது என்று இதில் சுலபமாகப் பிரித்துவிட முடிந்தவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏறக்குறைய 1,200 பேர் அங்கே செத்தார்கள். அவர்கள் பெயர்களைக் கறுப்புக் கல்லில் வெட்டி கொழும்பை ஒட்டிய கோட்டேயில் நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் நினைவிடம் கட்டியது இலங்கை அரசு. வெளியே போ என்று அதிபர் பிரேமதாசா விரட்டிய அதே நாடு! டெல்லி தேசியப் போர் நினைவிடத்தில் அந்தப் பெயர்கள் ஏறியது 2019-ல். நடுவில் இத்தனை வருஷமும் "ராணுவம் ராணுவம்" என்று மார்தட்டியவர்கள் எங்கே இருந்தார்கள் என்று தெரியவில்லை. தோற்ற போரின் சிப்பாய் யாருடைய மேடைக்கும் உதவமாட்டான் போலிருக்கிறது. மாமாவிடம் 'ஸ்ரீலங்கா' என்று பட்டை போட்ட பதக்கம் ஒன்று உண்டு. குடியரசு தினத்துக்கு மற்றவற்றைக் குத்திக்கொள்வார், அதை டப்பாவிலேயே வைத்துவிடுவார். அத்தை மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை புளி போட்டுத் தேய்த்து வைக்கிறாள்.

அடுத்த மாதம் நான் வேலை விஷயமாகக் கொழும்பு போகிறேன். மாமா ஒரு துண்டுச் சீட்டில் பெயரும் நம்பரும் எழுதிக் கொடுத்தார். கூட வெலிங்டனில் பயிற்சி எடுத்த ஆளாம், குடியாத்தம் பக்கம். கோட்டே சுவரில் அந்தப் பெயரை போட்டோ எடுத்து வரவேண்டும், இன்ஷியல் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்றும் பார்க்கவேண்டும். சரி என்றேன். அப்புறம், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கும் போகப்போகிறேன், அங்கே செத்துப்போனவர்களின் படங்களை வைத்து வருஷா வருஷம் அஞ்சலி செய்கிறார்கள், நானும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவேன் என்றேன்.

சீட்டைத் திரும்ப வாங்கி நம்பரை ஒருமுறை சரிபார்த்தார்.

"யாழ்ப்பாணத்துக்கு இப்ப ரயில் போவுதா?" என்றார்.

போகிறது மாமா என்றேன்.