22 வயசு என்றால் எல்லாப் படியும் ஏறியே ஆகணுமா?

வெளிநாட்டில் படிக்கிற நம்ம பிள்ளைகள் லீவு விட்டதும் நாலு பேராகச் சேர்ந்து ஊர் சுற்றக் கிளம்புகிறார்கள். நல்ல விஷயம், போகட்டும். ஆனால் அந்த நாலு பேரில் ஒருத்தருக்கு மூட்டு வலி இருக்கலாம், வீசிங் இருக்கலாம், ரத்தசோகை இருக்கலாம், மாதவிடாய் வலியில் நிமிர முடியாத நாளாக இருக்கலாம். அவர் வாயைத் திறந்து "என்னால முடியல, நான் கீழேயே இருக்கேன்" என்று சொல்ல முடிகிறதா என்பதுதான் என் கேள்வி. பெரும்பாலும் முடிவதில்லை. வயதானவர் சொன்னால் நாற்காலி எடுத்துப் போடுகிறோம், 22 வயசுப் பெண் சொன்னால் "இந்த வயசுலயேவா?" என்கிறோம்.

இப்போது இதை எழுதக் காரணம் என் மாமா பெண். அக்டோபரில் ஜெர்மனிக்கு எம்.எஸ். படிக்கப் போகிறாள். முதல் லீவுக்கான பிளானை இப்போதே போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். ரோமில் ஒரே நாளில் வாட்டிகன் மியூசியம், புனித பேதுரு பேராலயத்தின் உச்சி, கொலோசியம். மறுநாள் ரயில் பிடித்து ஃபுளோரன்ஸ், அங்கேயும் பேராலயத்தின் கும்மட்டம். எனக்கும் அவளுக்கும் சின்ன வயசிலிருந்தே வீசிங். போகி அன்று காலையில் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு நெபுலைசரோடு உட்கார்ந்திருக்கும் வீடுகள் எங்கள் வீடுகள். அந்த பிளானில் அதற்கு ஒரு மணி நேரம் கூட இடம் இல்லை. கேட்டால் மாமா முந்திக்கொண்டு, "இந்த வயசுல ஏறாம அறுபது வயசுலயா ஏறுவா?" என்றார்.

மாமா, அறுபதிலும் ஏறட்டும், இப்போதும் ஏறட்டும், ஆனால் எதில் ஏறுகிறோம் என்று தெரிந்து ஏறட்டும்.

புனித பேதுரு பேராலயத்தில் மொத்தம் 551 படிகள். லிஃப்ட் டிக்கெட்டும் உண்டு, அதனால் "லிஃப்ட் இருக்கு, வா" என்று கூட வருபவர்கள் இழுப்பார்கள், என்னையும் அப்படித்தான் இழுத்தார்கள். அந்த லிஃப்ட் மொட்டை மாடி வரைதான். அங்கிருந்து உச்சிக்கு இன்னும் 320 படி. கும்மட்டத்துக்கு உள்சுவர் ஒன்று, வெளிச்சுவர் ஒன்று, இரண்டுக்கும் நடுவில்தான் வழி. மேலே போகப் போகச் சுவர் வளைந்து நம் மேலேயே சாய்கிறது, தோளை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். முன்னால் போகிறவரின் முதுகுப்பை முகத்தில் இடிக்கும். பின்னால் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், திரும்பி இறங்கலாம் என்றால் அவ்வளவு பேரையும் தாண்ட வேண்டும். எனக்கு நெஞ்சில் விசில் சத்தம் ஆரம்பித்தது அந்தச் சாய்ந்த இடத்தில்தான். சுவரில் இருந்த ஒரு சின்ன ஜன்னல் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு இன்ஹேலரை எடுத்தேன். பின்னால் வந்த நரைமுடி அம்மா ஒருவர், என்ன மொழி பேசினார் என்று கூடத் தெரியவில்லை, கையை அகலமாக விரித்து எனக்குப் பின்னால் இருந்த வரிசை முழுவதையும் நிறுத்தி வைத்தார். என் கூட்டாளிகள் அதற்குள் உச்சியிலிருந்து போன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

இத்தனைக்கும் நடுவழியில் உள்ள அந்த மொட்டை மாடியே அருமையான இடம். முகப்பின் மேல் நிற்கும் 13 பெரிய சிலைகளின் முதுகுப்பக்கத்தை அங்கிருந்து பார்க்கலாம், காபி கிடைக்கும், உட்காரலாம், கும்மட்டம் தலைக்கு மேலே அவ்வளவு பக்கத்தில் நிற்கும். "நான் இங்கே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்ல அதைவிட நல்ல இடம் ஏது? ஃபுளோரன்ஸில் அந்த வசதியும் இல்லை. 463 படி, லிஃப்ட் கிடையாது. இதய நோய், தலைசுற்றல், குறுகலான இடத்தில் பயம் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று பேராலயத்தை நடத்துகிறவர்களே சொல்கிறார்கள்.

குளிர் வேறு இருக்கிறது. குளிர்ந்த, ஈரமில்லாத காற்றை வேகவேகமாக இழுத்து மூச்சு விட்டால் வீசிங் உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாய் சுருங்கும். வருஷம் முழுக்கக் கடற்காற்றில் புழுங்கி வளர்ந்த சென்னை நெஞ்சு, டிசம்பர் மாதம் படியேறும்போது திணறினால் அதில் அதிசயம் என்ன?

வீசிங் இல்லாதவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்து போகிற நம்மாட்கள் தவறாமல் போவது ஆல்ப்ஸ் பனிமலையில் இருக்கும் யுங்ஃப்ராவ்யோக். 3,454 மீட்டர் உயரம், ரயிலிலேயே போய்விடலாம் என்பதால் உடம்புக்கு வேலை இல்லை என்று நினைப்பு. சென்னையோ கடல் மட்டத்தில் இருக்கிற ஊர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்குதான், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவு குறைகிறது. 2,500 மீட்டரைத் தாண்டினாலே சிலருக்குத் தலைவலி, குமட்டல், படபடப்பு வரும். யாருக்கு வரும் என்று வயதையோ ஜிம் உடம்பையோ வைத்துச் சொல்ல முடியாது. அங்கே ஒருத்தன் "தலை சுத்துது, கீழே போகலாம்" என்றால் உடனே கீழே கூட்டிப் போக வேண்டும், "போட்டோ எடுத்துட்டுப் போலாம்டா" என்று நிறுத்தி வைக்கக் கூடாது.

"இவ்வளவு காசு போட்டு வந்துட்டு மேலே ஏறாமப் போறதா?" என்று அடுத்து கேட்பார்கள். எனக்கு இந்தக் கேள்வி மேல் கோபமே வருகிறது. ஜெர்மனியில் கொலோன் பேராலயத்தின் தெற்குக் கோபுரத்தில் 533 படி ஏறினால் ஊரும் ரைன் நதியும் தெரியும், பேராலயம் தெரியாது, அதன் மேலேதானே நிற்கிறோம்! கீழே, உள்ளே, தெற்குப் பக்கத்தில் 2007-ல் கெர்ஹார்ட் ரிக்டர் என்ற ஜெர்மன் ஓவியர் வடிவமைத்த கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. 72 நிறங்களில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட சதுரத் துண்டுகள். வெயில் நகர நகர அந்த நிறங்கள் தரையில் நகர்வதை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன், நான் போனபோது அதற்கு டிக்கெட்டே கிடையாது. படியேறி வந்தவர்களிடம் அதைப் பற்றிக் கேட்டபோது அப்படி ஒன்று இருந்ததே அவர்களுக்குத் தெரியவில்லை. இதில் யார் காசு வீண்?

நம் ஊரில் இதில் ஒரு தெளிவு இருந்தது என்றே நினைக்கிறேன். பழனியில் விஞ்சிலும் ரோப் காரிலும் போகிறவரை யாரும் குறைவாகப் பேசுவதில்லை, சாமி தரிசனம் ஒன்றுதான். மெரினா கலங்கரை விளக்கத்தில் லிஃப்டில் ஏறிக் கடலைப் பார்த்துவிட்டு வருகிறோம். வெளிநாடு என்றதும் மட்டும் அது பரீட்சை ஆகிவிடுகிறது.

அப்புறம் மாமா பெண்ணுக்கு நான் எழுதி அனுப்பியதை இங்கேயும் போடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். பாரிஸில் லூவ்ர் மியூசியம் ஜெர்மனி போன்ற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் தங்கிப் படிக்கிற 26 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம், அதனால் ஒரே நாளில் முழுவதையும் நடந்து தீர்க்க வேண்டிய அவசியம் இல்லை, இரண்டு மணி நேரத்தில் வெளியே வந்து மறுநாள் போகலாம். சக்கர நாற்காலியும் இலவசமாகத் தருவார்கள், கால் முடியாவிட்டால் வயதைப் பார்க்காமல் கேள். சென்னை மெட்ரோவில் எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட் பார்த்துப் பழகியவர்கள் பாரிஸ் மெட்ரோவில் ஏமாந்து போவார்கள், 14-ஆம் எண் தடத்தில்தான் முழுக்க லிஃப்ட் உண்டு, மற்றதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டியிருக்கும், பஸ் எவ்வளவோ மேல். கூட வருபவர்களிடம் வீசிங் இருப்பதை டிக்கெட் போடுவதற்கு முன்பே சொல், கோபுரத்தின் வாசலில் வைத்துச் சொல்லாதே. இன்ஹேலர் கைப்பையில் இருக்கட்டும், செக்-இன் பெட்டியில் வேண்டாம். இங்கே தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் பெயரைச் சொன்னாலே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள், ஜெர்மனியில் டாக்டர் சீட்டு இல்லாமல் தர மாட்டார்கள். அதனால் கிளம்பும் முன் டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொள், அதில் இங்கே விற்கிற கம்பெனிப் பெயர் போதாது, சால்பூட்டமால் என்று மருந்தின் பெயரையே எழுதச் சொல்.