ஸ்டேசன் வாசலிலேயே ஊர் மானம் போகிறது

கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்து மட்டக்களப்பு ஸ்டேசனில் பையோடு இறங்குகிறவர்களிடம் முதலில் வாய் திறப்பது நம்ம ஆட்டோக்காரத் தம்பிமார்தான். அந்த முதல் பேச்சிலேயே ஊரின் பெயர் கெட்டுப்போகிறது. கல்லடிக்கு எவ்வளவு என்பது கேட்கிறவரின் உடுப்பையும் பேச்சையும் பொறுத்தது. நம்ம ஊர்த் தமிழ் என்றால் ஒரு கூலி, யாழ்ப்பாணத் தமிழ் என்றால் இன்னொன்று, சிங்களம் பேசினால் அதற்கும் மேலே, வெள்ளைக்காரர் என்றால் வாயில் வந்தது. தூரம் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதானே? பாலத்தைத் தாண்டினால் கல்லடி!

கொழும்பிலிருந்து வந்த என் மச்சாளிடம் 1,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். கைக்குழந்தையோடு நின்றவளிடம்! ஏன் இவ்வளவு என்றதற்கு, “பெற்றோல் விலை தெரியாதா அக்கா?” என்று பதில். தெரியும் தம்பி. 2022இல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனதும், நீங்கள் வரிசையில் கிடந்ததும் எங்களுக்குத் தெரியும். அப்போது கூலியை ஏற்றினீர்கள், நாங்களும் மறுபேச்சில்லாமல் தந்தோம். அப்புறம் பெற்றோல் இறங்கியபோது கூலி ஏன் இறங்கவில்லை?

எல்லாரும் இப்படி இல்லை. லீசிங் கட்டிக்கொண்டே நியாயமாக ஓடுகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களைத்தான் அந்த வாசலில் ஆள் ஏற்ற விடுவதில்லையே.

பாசிக்குடாக் கடற்கரைக்குப் போகிறவர்கள் விசயத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. ரயில் நம்ம ஊருக்கு வருமுன்பே வாழைச்சேனையிலும் கல்குடாவிலும் நிற்கிறது. கல்குடாவில் இறங்கினால் பாசிக்குடா பக்கத்தில்தான். அது தெரியாமல் கடைசி ஸ்டேசன் வரை வந்துவிட்ட ஒருவரை, வந்த வழியே 30 கிலோமீற்றருக்கு மேல் ஆட்டோவில் ஏற்றிப் போகிறார்கள். வாழைச்சேனைக்குப் பஸ் ஓடுகிறது என்று சொல்ல ஒருவருக்கும் மனம் வராது.

சரி, சாப்பாடு? நல்ல கடை எது என்று கேட்டால் கமிஷன் தருகிற கடைக்கே கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கே பிரைட் ரைஸ், டெவல் சிக்கன், சீஸ் கொத்து. இதைத் தின்னவா ஒருவர் ராவெல்லாம் ரயிலில் குலுங்கி வந்தார்? சுற்றிவர வாவி. நண்டும் இறாலும் அள்ளுகிற ஊர் இது. உறைப்பான நண்டுக் கறியும் மீன் ஆணமும் (குழம்பும்), கடைசியில் சோற்றில் கட்டித் தயிர் விட்டு, வாழைப்பழமும் சீனியும் போட்டுப் பிசைந்து சாப்பிடுகிற அந்த ருசியும் வந்தவருக்குக் கிடைக்காமலே போகிறது. தேங்காய்ப்பூ போட்டு அவித்த புட்டை வீட்டு முற்றத்தில் விற்கிற அக்காமாரிடம் ஒரு ஆட்டோவாவது நிற்கிறதா? கொத்துத்தான் வேண்டுமென்றால் கல்லடி தாண்டி, ஈச்சமரம் நிற்கிற காத்தான்குடித் தெருவில் கொண்டுபோய் விடுங்கள். இரும்புத் தகட்டில் ரொட்டியைக் கொத்துகிற சத்தமே கடையைக் காட்டும். கல்முனைப் பக்கம் போகிற எந்தப் பஸ்ஸிலும் அங்கே போய் இறங்கலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மட்டக்களப்பை மீன் பாடும் தேன்நாடு என்று மேடை மேடையாகப் பேசுகிற பெரியவர்களே, ஸ்டேசன் வாசலில் மூன்று மொழியிலும் ஒரு கூலிப் பலகை நட்டுவிட்டுப் பேசுங்கள். கல்லடிக்கு இவ்வளவு, காத்தான்குடிக்கு இவ்வளவு, கோட்டைக்கு இவ்வளவு என்று அதில் எழுதுங்கள். கூடக் கேட்டால் முறையிட ஒரு போன் நம்பரும், அந்தப் போனை எடுக்க ஒரு ஆளும் வேண்டும்.