சோம்பு எண்ணெயைக் குழந்தைக்குக் குடிக்கக் கொடுக்காதீர்கள்

"சோம்பு நறுமண எண்ணெய் இரண்டு சொட்டு தண்ணீரில் கலந்து கொடுத்தால் குழந்தையின் வயிற்றுவலி நிற்கும்; விதைதானே, பயமில்லை" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு, ஆபத்தும்கூட.

விதை வேறு, எண்ணெய் வேறு. 100 கிராம் விதையை நீராவியில் வடித்தால் சில கிராம் எண்ணெய்தான் கிடைக்கும். அந்த இனிப்பு வாசனையைத் தரும் அனெத்தோல் என்ற வேதிப்பொருளும், கூடவே எஸ்ட்ராகோல் என்ற இன்னொரு வேதிப்பொருளும் அதில் செறிந்திருக்கும். எஸ்ட்ராகோல் அதிக அளவில் சுண்டெலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியிருக்கிறது. தண்ணீரில் இந்த எண்ணெய் கரையாது. சொட்டு அப்படியே மிதந்து குழந்தையின் வாயை எரிக்கும்.

பெரியவர்கள் முகரலாம், சரி. தோலில் தடவுவதானால் தேங்காய் எண்ணெய் போன்ற சாதாரண எண்ணெயில் 1 சதவீத அளவுக்குக் கலந்த பிறகுதான். வலிப்பு நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்த்துவிடுங்கள்.

குழந்தை ஏற்கெனவே விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.