ஆஸ்ட்ரோஸ் 2017ல ஜெயிச்சது வெறும் சின்னப் பசங்கள வச்சு இல்ல

"ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் டீம் ஒரு சீனியரக்கூட டிரேட்ல வாங்கல, டிராஃப்ட்ல எடுத்த பசங்கள மட்டும் வச்சே 2017 வேர்ல்ட் சீரிஸ் ஜெயிச்சாங்க"ன்னு ஒரு ஃபார்வர்ட் சுத்திட்டு இருக்கு. பாதிதாங்க உண்மை. (ஆஸ்ட்ரோஸ் ஒரு அமெரிக்க பேஸ்பால் டீம், வேர்ல்ட் சீரிஸ்னா அங்க சீசன் கடைசில நடக்குற ஃபைனல். டிராஃப்ட்னா புதுப் பசங்கள டீம்கள் வரிசையா தேர்ந்தெடுக்கிறது, டிரேட்னா டீம்களுக்குள்ள ஆள மாத்திக்கிறது.)

2011ல 106, 2012ல 107, 2013ல 111 மேட்ச் தோத்து, நிறைய தோத்த டீமுக்கு டிராஃப்ட்ல முன்னாடியே எடுக்குற வாய்ப்பு கிடைக்குங்கறதால அத வச்சு கொரியா, பிரெக்மன் மாதிரி பசங்கள எடுத்தாங்க, அது சரி. ஆனா அப்படி எடுத்த எல்லாரும் தேறல, 2013ல முதல் ஆளா எடுத்த மார்க் அப்பெல் ஆஸ்ட்ரோஸுக்கு ஒரு மேட்ச்கூட ஆடல. டீமோட ஸ்டார் அல்டூவே டிராஃப்ட்லயே வரல, 2007லயே வெனிசுலால இருந்து சைன் பண்ண பையன்.

முக்கியமான விஷயம் வெர்லாண்டர். 2017 ஆகஸ்ட் 31 ராத்திரி, பிளேஆஃப்ல ஆட ஆள் சேர்க்குற டெட்லைன் முடியுற கடைசி நேரத்துல, மூணு இளம் பிளேயர்கள டெட்ராய்ட் டீமுக்குக் குடுத்து அந்த 34 வயசு பிட்சர (பந்து போடுறவர) வாங்கினாங்க. வேர்ல்ட் சீரிஸுக்கு முன்னாடி யாங்கீஸ் டீம்கூட நடந்த சீரிஸோட ரெண்டாவது மேட்ச்ல மனுஷன் 124 பந்து போட்டு, 13 பேர ஸ்ட்ரைக் அவுட் பண்ணி, மேட்ச் முழுக்க தானே நின்னு முடிச்சாரு, அந்த சீரிஸ் எம்விபியும் (சிறந்த பிளேயர்) அவருதான்! பிட்சர் போடுற பந்தப் பிடிக்கிற கேட்சர் மெக்கான்கூட யாங்கீஸ்கிட்ட டிரேட்ல வாங்கின சீனியர்தான்.

பேஸ்பால் ரெஃபரன்ஸ் சைட்ல 2017 ஆஸ்ட்ரோஸ் பக்கத்துல யார் எப்படி வந்தாங்கன்னு நீங்களே பாக்கலாம். அந்த மெசேஜ் உங்க குரூப்புக்கு வந்தா தயவுசெஞ்சு மேல அனுப்பாதீங்க, ஏற்கனவே அனுப்பியிருந்தா இதையும் அங்க போட்டுடுங்க.